பத்து வீட்டுக் கதவைத் தட்டிய கோதை

திருப்பாவையில் மொத்தம் எத்தனை பாசுரங்கள் என்று கேட்டால், ‘முப்பது’ என்று உங்கள் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். சரி... அந்த 30-ல், தூங்குகிற தோழியை எழுப்புவதற்கு மட்டும் எத்தனை பாசுரங்கள் தெரியுமா?

பத்து! 6-ம் பாசுரம் தொடங்கி 15-ம் பாசுரம் வரை, வீடு வீடாகப் போய் வாசலில் நிற்கிறாள் ஆண்டாள். நோன்பு நூற்பவள் நேரே கோயிலுக்குப் போயிருக்கலாமே? மார்கழிக் குளிரில், மூன்றில் ஒரு பங்குப் பாடலை அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளுக்காக ஏன் செலவிட்டாள்? இந்த மார்கழியில் நாம் யோசித்துப் பார்க்கவேண்டிய விஷயம் இது.

வில்லிபுத்தூரே ஆயர்பாடி!

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரின் நந்தவனத்தில், துளசிச் செடியின் அருகே கோதை கண்டெடுக்கப்பட்ட ஊர். அந்த ஊரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலையே நந்தகோபன் திருமாளிகையாகவும், தன்னையும் தோழியரையும் இடைப் பெண்களாகவும் பாவித்து அவள் நோற்ற நோன்புதான் திருப்பாவை என்பது ஆன்றோர் வாக்கு.

அதனால்தானோ என்னவோ, அந்தப் பாசுரங்களில் ஒரு சின்ன ஊரின் குளிர்கால விடியற்காலை அப்படியே இருக்கிறது. பறவைகள் கூவுகின்றன. கோயில் சங்கு ஒலிக்கிறது. தயிர் கடையும் ஓசை கேட்கிறது. எருமைகள் பனிப்புல் மேயக் கிளம்புகின்றன. 12-ம் பாசுரத்தில், வாசலில் காத்து நிற்கும் பெண்களின் தலையில் பனி சொட்டுகிறது! உள்ளே இருப்பவளோ இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

நாமாக இருந்தால், ‘வந்தால் வரட்டும், நமக்கு நேரமாகிறது’ என்று கிளம்பியிருப்போம். ஆண்டாள் என்ன செய்கிறாள் தெரியுமா? 8-ம் பாசுரத்தைப் பாருங்கள். முன்னால் நடந்துகொண்டிருந்த மற்றப் பெண்களையும் போகவிடாமல் நிறுத்திவைத்துவிட்டு, ‘உன்னைக் கூப்பிடத்தான் வந்து நிற்கிறோம்’ என்கிறாள். ஒருத்தி விட்டுப்போனாலும் அந்த நோன்பு அவளுக்கு நிறைவாகாது.

15-ம் பாசுரம் இன்னும் அழகு. உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வாக்குவாதம். கடைசியில் உள்ளே இருப்பவள், ‘குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும்’ என்று விட்டுக்கொடுக்கிறாள். அடுத்து அவள் கேட்கும் கேள்வி... ‘எல்லோரும் வந்துவிட்டார்களா?’ வெளியே இருப்பவர்கள், ‘நீயே வந்து எண்ணிப் பார்த்துக்கொள்’ என்கிறார்கள். தன் மீது பழியை ஏற்பதும், யாரும் விடுபடவில்லையே என்று கேட்பதும் ஒரே பாசுரத்தில்!

மகள் வந்தால் காய்கறி பரப்பும் வீடு

இந்த ஒட்டுறவு பாட்டோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் மார்கழி உற்சவத்தில் நடக்கிறது. பகல்பத்து தொடங்கும் நாளில் ஆண்டாளும் ரங்கமன்னாரும், பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகைக்கு எழுந்தருள்வார்கள். பிறந்த வீட்டுக்கு வரும் மகளையும் மாப்பிள்ளையையும் வரவேற்க, பச்சைக் காய்கறிகளைக் குவித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். இதற்கு ‘பச்சை பரப்புதல்’ என்று பெயர். பிறகு, திருமுக்குளக் கரையில் உள்ள நீராட்டு மண்டபத்தில் எண்ணெய்க்காப்பு உற்சவம். மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் சாத்தி, பிறந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோலவே அவளைச் சீராட்டுகிறார்கள்.

கோலம் சொன்ன சேதி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றில்லை... நம் சிற்றூர்கள் எல்லாவற்றிலுமே மார்கழி, தெருவைச் சேர்த்துவைக்கும் மாதம். கல்யாணம் காட்சி இல்லாத மாதம். சம்பா நெல் கதிர் முற்றிக்கொண்டிருக்கும்; அறுவடை வேலை இன்னும் நெருக்கவில்லை. விடிவதற்குள் பஜனை கோஷ்டி ஜால்ராவும் ஆர்மோனியமுமாக வீதி சுற்றும். 30 நாளும் கோயில் வெண்பொங்கலுக்கு ஆளுக்கொரு நாள் உபயம். வசதி உள்ளவர் அரிசியும் நெய்யும் கொடுப்பார். இல்லாதவர் விறகு கொடுப்பார். அதுவும் முடியாதவர் தொன்னை தைத்துக் கொடுப்பார். பிரசாதம் வாங்கும்போது எல்லோர் கையிலும் ஒரே அளவுதான்!

நெல்லைச் சீமையில் மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அதை வறட்டியாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் தெருப் பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஆற்றில் விடுவார்கள்.

வாசல் கோலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. விடிந்தும் ஒரு வீட்டு வாசல் வெறுமையாகக் கிடந்தால், எதிர்வீட்டம்மாவுக்கு மனசு கேட்காது. ‘என்னம்மா, உடம்புக்கு முடியலையா?’ என்று கதவைத் தட்டிவிடுவார். காய்ச்சல் என்றால் கஞ்சி வந்துவிடும். துக்கம் என்றால், அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு போகும். அரிசிமாவுக் கோலம் எறும்புக்கு உணவு என்பது நமக்குத் தெரியும். அது தெருவுக்கே ஒரு வருகைப் பதிவேடாகவும் இருந்திருக்கிறது!

இன்று அடுக்குமாடியில் நம் வாசலில் ஸ்டிக்கர் கோலம். அதைக் குறை சொல்வதற்கில்லை. இடமும் நேரமும் அப்படி. ஆனால் ஒன்று... நாம் நலமாக இருந்தாலும் படுத்துக் கிடந்தாலும் அந்தக் கோலம் ஒரே மாதிரிதான் இருக்கும். மாடியில் தனியாக இருக்கும் பாட்டி இன்று எழுந்தாரா இல்லையா என்பதை அது நமக்குச் சொல்லாது. நாம்தான் போய்த் தட்டவேண்டும்.

நீங்களும் செய்யலாம்!

இந்த மார்கழியில் உங்கள் குடியிருப்பில் இப்படிச் செய்து பாருங்களேன்...

* 10 வீடுகள் சேர்ந்தால் போதும். வீட்டுக்கு 3 நாள் என்று பிரித்துக்கொண்டால், 30 பாசுரமும் 30 நாளில் நிறைவேறும். அன்றைய பாசுரத்தைச் சேர்ந்து சொல்லி, ஒரு சின்னக் கிண்ணம் பொங்கலோ சுண்டலோ நிவேதனம் செய்தால் போதும்.

* தினமும் ஒரு வீட்டுக் கதவை நீங்களே போய்த் தட்டிக் கூப்பிடுங்கள். செல்போனில் செய்தி அனுப்புவது வேறு, வாசலில் போய் நிற்பது வேறு. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வரமுடியாதவர்களுக்குப் பிரசாதம் வீடு தேடிப் போகட்டும்.

* உங்களோடு முகம் கொடுத்துப் பேசாத வீடு ஒன்று இருக்குமே... அதையும் விட்டுவிடாதீர்கள். ‘குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும்’ என்ற அந்த 15-ம் பாசுரம் நமக்காகத்தான்.

* 2-ம் பாசுரத்தில் நோன்பின் விதிகளைச் சொல்லும்போது நெய், பால், மை, மலர் இவற்றோடு கோள் சொல்வதையும் விலக்கிவிடுகிறாள் ஆண்டாள். பாலை விடுவதைவிட இது கொஞ்சம் கஷ்டம்தான்! ஒரு மாதம் முயன்று பார்க்கலாமே.

பிறகு மார்கழி 27... கூடாரவல்லி! 2-ம் பாசுரத்தில் விலக்கிய நெய்யும் பாலும் 27-ம் பாசுரத்தில் திரும்பி வருகின்றன. முழங்கை வழியே நெய் வழிய வழியப் பால் சோறு. ஆனால், தனியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. எல்லோரும் கூடி உண்கிறார்கள். விடும்போது ஒவ்வொருவராக விட்டதை, பெறும்போது ஒன்றாகப் பெறுகிறார்கள்.

அன்றைக்கு உங்கள் குடியிருப்பிலும் அக்காரவடிசல் மணக்கட்டும். இலை போடும் முன் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஆண்டாளின் தோழியைப்போலவே கேட்டுக்கொள்ளுங்கள்... ‘எல்லோரும் வந்துவிட்டார்களா?’