பெயர் ஒன்று, ஆள் இரண்டு: பிரைமரி கீ எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி மாதம் மொய் விருந்துகள் நடக்கும். மொய் எழுத நோட்டுடன் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. சாப்ட்வேர் இன்ஜினியரான நான் இத்தகைய பட்டியலில் முதலில் தேடுவது பிரைமரி கீயைத்தான்.

ஒரே ஊரில் இரண்டு முருகேசன்கள், தலா 1,000 ரூபாய் மொய் என வைத்துக்கொள்வோம். ஒருவர் தொகையை 5,000 எனத் திருத்த வேண்டும். எந்த வரியை? கம்ப்யூட்டருக்கும் தெரியாது. தவறான வரியைத் திருத்தினால் திருப்பிச் செய்யும் மொய் மாறும், உறவும் கெடும்.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனி அடையாளம் தரும் பீல்டுதான் பிரைமரி கீ. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் தன் கட்டுரையில் இதை விளக்கினார். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் புரோகிராமில், பிரைமரி கீயோ யுனிக் இன்டெக்ஸோ இல்லாத டேபிளில் டேட்டாவைத் திருத்த முடியாது.

தீர்வு எளிது. முதலில் பைலுக்கு பேக்கப் எடுங்கள். கால்க் ஷீட்டில் உள்ள பட்டியலைத் தலைப்புகளுடன் காப்பி செய்து, பேஸில் டேபிள்ஸ் பகுதியில் பேஸ்ட் செய்யுங்கள். தோன்றும் விண்டோவில் பிரைமரி கீ உருவாக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எண் கிடைக்கும்.

எந்த எண் எந்த முருகேசன்? அதை நோட்டோடு ஒப்பிட்டு, தந்தை பெயரையும் சேர்த்துவிடுங்கள். போன் நம்பரைக் கீயாக வைக்காதீர்கள். ஒரே வீட்டில் இருவர் ஒரு நம்பரைத் தரலாம். நீக்கிய எண்ணை வேறொருவருக்குத் தரவும் வேண்டாம்.