மைனர் கார்டுக்குள் ஒரு மேஜர்
(வாத்தியம் வாசிப்போருக்கு ஒரு பாடம்)



உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராம சபைகளில் கீபோர்டு வாசிக்கிற தம்பிமார் கேட்கிறார்கள்: "அண்ணே, மைனர் 7, 9, 11ன்னு போடுறாங்களே, அது என்ன?"

ஏ-யை 1 என்று வைத்து, வெள்ளைக் கட்டைகளை வரிசையாய் எண்ணுங்கள். 1, 3, 5 என்பது ஏ, சி, ஈ. இதுதான் ஏ மைனர். இப்படியே ஒன்று விட்டு ஒன்றாய் மேலே ஏறினால் ஜி 7, பி 9, டி 11. ஜி சேர்ந்தால் மைனர் செவன்த். அதோடு பி-யும் சேர்ந்தால் நைன்த். டி-யும் சேர்ந்தால் லெவன்த். அவ்வளவுதான்!

இந்தச் செவன்த்தில் அடியிலிருக்கும் ஏ-யை எடுத்துப் பாருங்கள். மிச்சம் சி, ஈ, ஜி. அது சி மேஜர்! துக்கத்துக்குள்ளே சந்தோஷம் ஒளிஞ்சிருக்கு. 2 கொரிந்தியர் 6:10-ல் பவுல் சொல்வதும் இதைத்தானே?

பி-யும் சி-யும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். ஒட்டி வைத்தால், அதுவும் கீழ்ஸ்தாயியில், இரைச்சலாகும். ஆகவே நைன்த்துக்கு இடது கையில் ஏ. வலது கையில் சி, ஈ, ஜி, அதற்கும் மேலே பி. லெவன்த்துக்கு ஆறு சுரமும் வேண்டாம். இடது கையில் ஏ, வலது கையில் ஜி, சி, டி போதும்.

இனி என் சாட்சி. ஒரு உபவாச ஜெபத்தில் வயதான தாயார் ஒருவர் கண்ணீரோடு பாடினார்கள். நான் புதுசா கத்துக்கிட்ட ஜோரில், எல்லா இடத்திலும் நைன்த் போட்டேன். பாட்டு ஜி ஷார்ப்புக்குப் போச்சு. என் விரலோ ஜி-யை விடல. ரெண்டும் மோதி, அந்தத் தாயார் சுருதி தப்பி, பாட்டை நிறுத்திட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. கர்த்தர் என் பெருமையை உணர்த்தினார்.

ஆகவே தம்பி, முதலில் பாட்டைக் கேள். கீரவாணி சாயலில் ஜி ஷார்ப் வருகிற இடத்தில் ஜி-யை எடுத்துடு. அங்கே ஈ மேஜர் பொருந்தும். நடபைரவி சாயலில் ஜி சுத்தமாய் நின்றால் 7, 9 தாராளமாய்ப் போடலாம்.

தாவீது சுரமண்டலத்தை வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் கிடைத்தது (1 சாமுவேல் 16:23). எத்தனை விரல் வைத்தான் என்று வேதம் சொல்லவில்லை. நம் வாசிப்பிலும் ஒரு ஆத்துமா ஆறுதலடையட்டும். ஆமென்!