துருவேறிய கப்பலில் ஒரு காவல்

கேள்வி: தென்சீனக் கடலில் உள்ள செகண்ட் தாமஸ் திட்டு யாருக்குத்தான் சொந்தம்?

பதில்: சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ் என நான்குமே உரிமை கொண்டாடுகின்றன. கடல் ஏறினால் திட்டே தண்ணீருக்குள் போய்விடும்! 1999இல் பிலிப்பைன்ஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்து 'சியரா மாட்ரே' கப்பலை வேண்டுமென்றே அங்கே தரைதட்ட வைத்தது. துருவேறி ஓட்டை விழுந்த அந்தக் கப்பலில்தான் ஒரு சிறு படை காவல் இருக்கிறது. அவர்களுக்கு உணவு கொண்டுபோன படகுகள்மீது சீனக் கடலோரக் காவல்படை தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. 2024 ஜூன் மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரரின் கட்டைவிரலே போயிற்று. பாவம், வயிற்றுப்பாட்டுச் சாமான் ஏற்றிப் போனதற்கு இந்தத் தண்டனையா?

தி ஹேக் நடுவர் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது: அந்தத் திட்டு பிலிப்பைன்ஸின் தனிப் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறது. சீனா அதை ஏற்கவில்லை. நியாயம் பிலிப்பைன்ஸ் பக்கமே.