கம்பளித் தலைப்பட்டையும் கைக்குரிய கூலியும்



வெயில் காயும் நம் நாட்டில் குளிருக்குத் தலைப்பட்டை எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் கேமரன் மலைக்குக் கல்விச் சுற்றுலா செல்ல முடிவு செய்தபோது எழுந்ததே இப்பாடம். நிலம் 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். கேமரன் மலையின் ஊர்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. கோலாலம்பூரில் இரவு வெப்பம் 24 பாகை என்றால், அங்கே 15 பாகையாகிவிடும். 1929ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தில் நம்மவர்கள் அக்குளிரைத் தாங்கியே கொழுந்து பறித்தார்கள்.

தாழ்நிலத் தோட்டங்களிலும் விடியற்குளிர் உண்டு. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்கு ஓடும். ஆதலால் பால்மரம் வெட்டுவோர் இருள் பிரியுமுன்னே தலையில் துணியைக் கட்டி, அதன்மேல் விளக்கை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் புறப்படுவார்கள். தலைப்பட்டை நமக்குப் புதியதன்று.

கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அக்காற்று நம் உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கம்பளி நூலும் இவ்வாறே பயன்படும்.

எமக்கு இதைக் கற்பித்தவர், செந்தூலிலிருந்து தம் பேத்தியைக் காணத் தோட்டத்துக்கு வந்திருந்த மூதாட்டியார் ஒருவர். இளமையில் பால்மரம் வெட்டியவர். பின்னர் செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவரை மணந்து அங்கே குடியேறியவர். நூலையும் ஊசியையும் செந்தூல் கடையிலேயே வாங்கி வந்தார். பயிற்சிக் கல்லூரியில் கைவினைப் பாடம் பயின்ற நாமும் மாணவரோடு தரையில் அமர்ந்து அவரிடம் கற்றோம். ஆண்பிள்ளைகளும் கற்றார்கள்.

தேவையான பொருள்கள்

நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் 50 கிராம், 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி ஒன்று, மொட்டை முனையுள்ள தையலூசி ஒன்று, பூவுக்குச் சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் சிறிதளவு. கொக்கி ஊசியைக் குரோஷா ஊசி என்றும் சொல்வர்.

பின்னும் முறை

1. நூலில் சுருக்குமுடி இட்டு ஊசியில் கோத்துக்கொள்க. நூலைக் கொக்கியால் பற்றி முடியினூடே இழுத்தால் ஒரு கண்ணி உண்டாகும். இவ்வாறு 14 கண்ணிகள் கொண்ட சங்கிலி பின்னுக.

2. ஊசிக்கு அடுத்த கண்ணியை விட்டு, இரண்டாம் கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுக்க. ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைப் பற்றி இரண்டினூடும் இழுக்க. இது குறும்பின்னல். சங்கிலி முடியும்வரை பின்னினால் 13 வரும்.

3. ஒரு கண்ணி போட்டுத் திருப்புக. ஒவ்வொரு பின்னலின் தலையிலும் இரண்டு இழைகள் இருக்கும். இனிப் பின்புறத்து இழையில் மட்டும் ஊசியை நுழைத்துக் குறும்பின்னல் இடுக. இதனால் பின்னலில் வயல்வரப்புப் போன்ற மேடுகள் தோன்றும். பட்டை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

4. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுக. 13க்குப் பதில் 12 இருந்தால், பிழை நேர்ந்த இடம்வரை பிரித்து மீண்டும் பின்னுக. பிரிப்பதற்கு வெட்கப்பட வேண்டா.

5. தலையின் சுற்றளவைவிட 5 சென்டிமீட்டர் குறைவாகப் பட்டை இருத்தல் வேண்டும். தலை 52 சென்டிமீட்டர் என்றால் பட்டை 47 போதும். ஏறத்தாழ 70 வரிசைகள் வரும். பின்பு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுக.

அழகு செய்தல்

தையல் தெரியும் இடத்தை ஒரு செம்பருத்தியால் மறைக்கலாம். சிவப்பு நூலில் 6 கண்ணிகள் பின்னி வளையமாக இணைக்க. வளையத்துக்குள் ஒரு குறும்பின்னல், மூன்று நெடும்பின்னல், மீண்டும் ஒரு குறும்பின்னல் இட்டால் ஓர் இதழ். நெடும்பின்னலுக்கு முதலில் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு நுழைத்து இழுக்க. நிற்கும் மூன்று வளையங்களையும் இரண்டிரண்டாக இருமுறை இழுத்து முடிக்க. இவ்வாறு ஐந்து இதழ்கள் அமைத்து, நடுவில் மஞ்சள் நூலால் ஒரு சிறு சங்கிலி தொங்கவிடுக. 1960ஆம் ஆண்டில் செம்பருத்தி நம் தேசிய மலராயிற்று. அதன் ஐந்து இதழ்கள் 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும்.

ஒரு கேள்வி

பட்டைகள் அழகாக அமைந்தன. அவற்றுள் சிலவற்றைப் பள்ளி விற்பனை நாளில் வைக்க எண்ணி, ஒன்றுக்கு 6 ரிங்கிட் என்று நாமே அட்டையில் எழுதினோம். நூலின் விலை 5 ரிங்கிட். ஒரு ரிங்கிட் இலாபம் என்று மகிழ்ந்தோம். மூதாட்டியார் அட்டையைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்னர், "ஐயா, நூலுக்கு வெல போட்டுட்டீங்க. கைக்கு வெல எங்கே?" என்றார்.

எமக்கு விடை வரவில்லை. கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு பட்டைக்கு அவருக்கே 4 மணி நேரம் சென்றது. ஒரு ரிங்கிட்டை நான்கால் வகுத்தால் மணிக்கு 25 சென். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமோ மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். அவ்விகிதப்படி கூலி மட்டும் 34 ரிங்கிட் 88 சென். நூலையும் சேர்த்தால் 39 ரிங்கிட் 88 சென்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பட்டறையில மணிக்கணக்கு உண்டு. நான் வீட்ல பின்னினா அது பொழுதுபோக்கு" என்று அவர் சொன்னதை மாணவர்கள் அமைதியாகக் கேட்டார்கள்.

இஃது அவர் ஒருவரின் குறையன்று. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் உள்ள நரசாப்பூர் வட்டாரத்தில் பெண்கள் நெடுங்காலமாகக் கொக்கிப் பின்னல் பின்னி வருகிறார்கள். அவர்கள் கைவேலை கடல் கடந்து விற்பனையானது. ஆயினும் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியவர்களை உழைப்பாளிகள் என்னாது, ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதி மிகக் குறைந்த கூலி கொடுத்தார்கள் என மரியா மீஸ் என்னும் அறிஞர் 1982இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 2024இல் அப்பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

உரிய கூலி கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு நாகர்கோவில் சான்று. 1820ஆம் ஆண்டுகளில் மார்த்தா மோல்ட் என்னும் அம்மையார் அங்கே பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அது கொக்கியால் அன்றி நூற்கட்டைகளால் பின்னும் வகை. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர், ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தால் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் தலைப்பட்டைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னப்பட்டவை. கொக்கிப் பின்னலோ இன்றும் கையால்தான் பின்னப்படுகிறது. அத்தகைய பொருள் ஒன்றை மிக மலிவாகக் கண்டால், குறைந்தது யாருடைய கூலி என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் அந்த அட்டையைக் கிழித்துவிட்டோம். பட்டைகளை விற்கவில்லை, அவரவர் பின்னியதை அவரவரே அணிந்து மலைக்குச் சென்றார்கள். ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் பின்னியவரின் பெயரும், பின்ன எடுத்த மணி நேரமும் எழுதிய சிறு துணித்துண்டு தைக்கப்பட்டிருந்தது. இனி நம் பள்ளியில் எக்கைவினையை விற்றாலும் நூலுக்கு ஒரு வரி, கைக்கு ஒரு வரி என்று இரண்டையும் எழுதியே விலை குறிப்போம். அன்பளிப்பாகக் கொடுப்பதாயின் மனமுவந்து கொடுப்போம்.

பெற்றோர்களே, இல்லத்தில் பின்னுகின்ற, தைக்கின்ற, பூக்கட்டுகின்ற கைகளைப் பிள்ளைகள் கண்டு மதிக்கும்படி செய்யுங்கள். அம்மதிப்பைப் பிள்ளைகள் முதலில் கற்கும் இடம் வீடேயாகும்.

பயிற்சி

1. பின்புறத்து இழையில் மட்டும் பின்னுவதால் வரும் பயன் யாது?

2. 54 சென்டிமீட்டர் தலைக்குப் பட்டையின் நீளம் எவ்வளவு இருத்தல் வேண்டும்?

3. உம் தாயாரோ பாட்டியாரோ கையால் செய்த ஒரு பொருளை எடுத்து, அதற்குச் சென்ற மணி நேரத்தைக் கேட்டறிந்து, உரிய கூலியைக் கணக்கிடுக. விடையை அவரிடமே படித்துக் காட்டுக.