பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதனால் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் இலவசப் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வருவது நின்றது. வங்கிக் கணக்கைத் திறப்பதற்கும் குடும்பப் படங்களைச் சேமிப்பதற்கும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் இது சிறிய செய்தியன்று. நன்றாக இயங்கும் கணினியை எறிந்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

விடையை முதலில் வன்பொருளில்தான் தேட வேண்டும். விண்டோஸ் 11க்கு 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றிலும் இவை உண்டு. பெரும்பாலும் தடையாவது நுண்செயலியே. இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. ‘கோர் ஐ7’ என்னும் பெயரை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. ஐ7-6700 ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. அது தகுதி பெறாது. அதைவிட எளியதாகக் கருதப்படும் ஐ3-8100 தகுதி பெறும்!

மறையாக்கத் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் கட்டாயமானது. சோதனையில் அது ‘இல்லை’ என்று வந்தாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. பல கணினிகளில் அது இருந்தும், தொடக்க அமைப்புகளில் முடக்கப்பட்டிருக்கும்.

தகுதியுள்ள கணினியில் அசல் விண்டோஸ் 10 இருந்தால், மேம்படுத்துவதற்குக் கட்டணம் இல்லை. உரிமத்தைப் புதிதாக வாங்குவோர் அதன் வகையை அறிந்திருத்தல் நன்று. கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தை மற்றொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால், ஒரே நேரத்தில் இரண்டில் பயன்படுத்த முடியாது. இணையச் சந்தையில் மிக மலிவாக விற்கப்படும் குறியீடுகளுள் சில, நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்டவை. அவை பின்னர் முடக்கப்படலாம். கொடுத்த பணமும் திரும்பாது.

தகுதி பெறாத கணினிக்கும் வழி உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், மறு ஆண்டே ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. அவ்வுரிமம் நிரலைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் இடமளிக்கிறது. இதன் அடிப்படையில் உருவான உபுண்டு, மின்ட் போன்றவற்றை இலவசமாகவே பதிவிறக்கலாம். எனினும், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில மென்பொருள்கள் இதில் இயங்கா. சில கம்பியில்லா இணைப்புச் சில்லுகளும் தொல்லை தரும்.

நல்லவேளையாக, இதை நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம். லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே தொடங்கலாம். வட்டில் உள்ள எதுவும் மாறாது. அந்நிலையில் இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி ஒரு தாளையாவது அச்சிடுகிறதா என்று பார்த்து, கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்த பிறகே நிறுவத் தொடங்கலாம்.