ஒயரின் நீளமும் மின்தடையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு கம்பியின் மின்தடை எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் பொறுத்தது. வெப்பநிலை மாறாதவரை, நீளம் இரு மடங்கானால் மின்தடையும் சரியாக இரு மடங்காகும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.017 ஓம், 100 மீட்டருக்கு 1.7 ஓம்.

இவ்வளவு எளிய விதி எடுத்த எடுப்பிலேயே பிடிபட்டுவிடவில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம், 1825இல் வெளியிட்ட முதல் கட்டுரையில், நீளத்தால் வரும் இழப்பை மடக்கை வாய்பாடாக எழுதினார். அது தவறு. அவர் பயன்படுத்திய மின்கலம் சோதனை நடக்கும்போதே வலுவிழந்து, அளவுகளைக் குழப்பியது. பிறகு வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார்: பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் ஆடாமல் நின்றது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரையிலான எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். சரியான விதி 1826இல் வெளிவந்தது.

“2.5 ஸ்கொயர் ஒயர் போட்டாயிற்று, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்” என்பது இன்று பரவலாக உள்ள நம்பிக்கை. அதிகச் செலவு வைப்பதும் இதுதான். மீட்டர் பெட்டியிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கிணறு இருந்தால், மின்சாரம் கடக்கும் தூரம் 100 மீட்டர் அல்ல. ஃபேஸில் போய் நியூட்ரலில் திரும்புவதால் 200 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் இதன் மின்தடை ஏறத்தாழ 1.5 ஓம். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 7 ஆம்பியர் எடுக்கும்போது வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். 70 வாட்டுக்கு மேல் ஒயரைச் சூடாக்குவதில் வீணாகும்.

உண்மையான சிக்கல் சுவிட்சைப் போடும் நொடியில் வருகிறது. கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 35 ஆம்பியர் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 50 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். மோட்டாரின் சுழற்றுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 180 வோல்ட்டில் ஏறக்குறைய 60 சதவீதமே மிஞ்சும். மோட்டார் உறுமும், சுற்றாது. அப்படியே விட்டால் காயில் கருகும். பழி பெரும்பாலும் மோட்டார் மீதோ ‘லோ வோல்டேஜ்’ மீதோ விழுகிறது. ஒயரின் நீளத்தை யாரும் நினைப்பதில்லை. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் மின்தடை 0.6 ஓமாகக் குறையும்.

“நீள ஒயரில் கரண்ட் போகப் போகத் தீர்ந்துவிடும்” என்பதும் சரியல்ல. ஒரே சுற்றில் மின்னோட்டம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றே. குறைவது மின்னழுத்தம்.

மின் அடுப்பைப் பற்றிய நம்பிக்கை நேர் எதிரானது: “காயில் நீளமாக இருந்தால் சூடு கூடும்.” 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் நிக்ரோம் காயிலின் மின்தடை சுமார் 53 ஓம். அறுந்த காயிலின் கருகிய முனைகளை நறுக்கிவிட்டு முறுக்கி இணைக்கும்போது பத்தில் ஒரு பங்கு நீளம் போனால், மின்தடை 48 ஓமுக்குச் சற்றுக் கீழே இறங்கும். சூடு 1110 வாட் அளவுக்கு ஏறும். அதுவும் முன்பைவிடக் குட்டையான கம்பியில். அதனால்தான் ஒட்டுப்போட்ட காயில் முன்னைவிடப் பளீரெனச் சிவக்கிறது, சீக்கிரமே மறுபடி அறுகிறது.

கம்பியை இழுத்து நீட்டுவது வேறு கதை. இரு மடங்கு நீட்டினால் குறுக்குவெட்டுப் பரப்பும் பாதியாகிவிடுவதால், மின்தடை நான்கு மடங்காகும்.

“சுருட்டி வைத்த ஒயரில் மின்தடை அதிகம்” என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. சுருட்டுவதால் நீளமும் மாறாது, தடிமனும் மாறாது. எனவே மின்தடை அதே அளவுதான். ஆனால் அடுக்கடுக்காகச் சுற்றிய ஒயரின் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏறினால் செம்பின் மின்தடையும் ஓரளவு கூடும், மேலுறை இளகும், தீயும் பற்றலாம். எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றைப் போடுவதற்கு முன், சுருளை முழுவதும் விரித்துவிடுங்கள்.