குளிர் வருமுன் குழாயைக் காப்போம்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வட இந்திய மலையூர்களுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: "பனி வருமுன் குழாயை வடித்து விடு."

நம் சங்கத்து அன்பர்களில் பலர் சிம்லா, ஸ்ரீநகர், லே போன்ற இடங்களில் பணிபுரிந்தவர்கள். இனி அங்கே மாற்றலாகப் போகிறவர்களும் இருப்பார்கள். கம்பளி உடை, ரஜாய், ஹீட்டர் பற்றியெல்லாம் எல்லோரும் ஆலோசனை சொல்லுவார்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றி எவரும் சொல்லுவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான விலையை என்னைவிட அதிகமாகக் கொடுத்தவர் வேறொருவர் என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

நடந்தது என்ன?

சிம்லாவில் பல வீடுகள் மலைச்சரிவில் நிற்பவை. சாலையிலிருந்து நேராக நுழைவது மேல்தளத்தில். மற்றத் தளங்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும். நாங்கள் குடியிருந்தது மேல்தளம். எங்களுக்குக் கீழே வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவியும். அந்த அம்மாளை நாங்கள் "மாதாஜி" என்றுதான் அழைப்போம். நினைத்தபோது தண்ணீர் வராத ஊர் ஆகையால், கூரையோரம் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்று. அதிலிருந்து அரை அங்குல இரும்புக் குழாய் வெளிச்சுவரை ஒட்டி இறங்கி, குளியலறைக்கும் சமையலறைக்கும் வரும்.

ஒரு வருடம் பொங்கலுக்குத் திருநெல்வேலி புறப்பட்டோம். கேஸ், மெயின் ஸ்விட்ச், ஜன்னல், கதவு எல்லாம் சரிபார்த்தாயிற்று. திரும்பி வந்ததும் தண்ணீருக்கு அல்லாடக் கூடாதே என்று தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். எல்லாக் குழாய்களையும் இறுக மூடினேன். இரண்டு பூட்டுப் போட்டு, சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டதாக எனக்கு எண்ணம்!

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. இரண்டு நாள் பனி பெய்து, வானம் வெளுத்து, அடுத்த இரண்டு இரவும் கடுங்குளிர். மூன்றாம் நாள் நல்ல வெயில். காலை பதினொரு மணிக்கு வெயில் சுவரில் பட்டதும், எங்கள் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரை வழியே தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. உள்ளே போய் வால்வை மூடலாமென்றால் சாவி திருநெல்வேலியில். தொட்டி காலியாகும் வரை அவர்கள் வாளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூரைக்கு நேர் கீழே இருந்தது, பேத்தியின் கல்யாணத்துக்காக மாதாஜி சேர்த்து வைத்திருந்த பெட்டி. புது ரஜாய்கள், புடவைகள், குலு சால்வைகள் எல்லாம் நனைந்து, ஒன்றின் சாயம் இன்னொன்றில் இறங்கியிருந்தது. ரஜாய்க்கும் புடவைக்கும் நான் பணம் கொடுத்தேன்; வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சால்வைக்கு மட்டும் என்ன விலை கொடுப்பது என்று தெரியவில்லை. அது மாதாஜி தம் கையால் நெய்தது.

நான் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மாள் சொன்னது: "பேட்டா, தண்ணீர் உறைவது பகவான் செயல். சாவியைக் கொடுக்காமல் போனது உன் செயல்."

குழாய் ஏன் வெடிக்கிறது?

அநேகமாக எல்லாப் பொருள்களும் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி சென்டிகிரேட் வரை சுருங்கும். அதற்குக் கீழே போனால் விரியத் தொடங்கும். பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவிகிதம் பருத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் அதற்கு 1.09 லிட்டர் இடம் வேண்டும்.

பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படி இல்லை. குழாயின் நடுவில் ஓரிடம் முழுதும் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. போக வழியில்லாத தண்ணீர் பலவீனமான முழங்கையையோ மரையையோ பிளந்துகொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் அடைத்தது வெளிச்சுவரில். வெடித்தது குளியலறைக்குள், திருகுக்குப் பின்னாலிருந்த முழங்கை. பனிக்கட்டி அடைத்திருக்கும் வரை பெரிதாக ஒழுகாது. வெயில் வந்து கட்டி உருகிய பிறகுதான் வெள்ளம்.

தொட்டி உறையாமல் குழாய் மட்டும் உறைவதேன்? ஒரு கிராம் தண்ணீர் உறைய 80 கலோரி வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். ஆயிரம் லிட்டரிலிருந்து அவ்வளவு வெப்பம் வெளியேற நாட்கள் ஆகும். மேலே ஓர் ஆடை போலத்தான் கட்டி படியும். அரை அங்குலக் குழாயில் தண்ணீர் கொஞ்சம், சுற்றிலும் குளிர் படும் பரப்போ அதிகம். ஓரிரவே போதும்.

குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றை வாய்வரை நிரப்பி இறுக மூடியும், மற்றதை முக்கால் பங்கு மட்டும் நிரப்பியும் ஃப்ரீசரில் ஓரிரவு வையுங்கள். காலையில் முதலாவது புடைத்தோ பிளந்தோ இருக்கும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது.

நீச்சல் குளம் தந்த யோசனை

இந்தக் கதையைக் கேட்ட என் அண்ணன் மகன், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருப்பவன், சிரித்துக்கொண்டே, "சித்தப்பா, நாங்கள் வருஷா வருஷம் நீச்சல் குளத்தை மூடுவதுபோல் நீங்கள் வீட்டை மூட வேண்டும்" என்றான்.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள், இலையுதிர் காலம் முடிவதற்குள் அதை "மூடி" விடுவார்களாம். ஓரத்தில் இலை, தூசியை இழுக்கும் வாய்க்குக் கீழே வரும்வரை தண்ணீரைக் குறைப்பார்கள். பம்பு, வடிகட்டி, சூடாக்கும் கருவி மூன்றையும் வடித்துவிடுவார்கள். பூமிக்கடியில் போகும் குழாய்களில் காற்றை அழுத்தி ஊதி, மிச்சத் தண்ணீரை வெளியேற்றி, வாயை அடைப்பார்கள். கடைசியில் குளத்தின்மேல் கனமான விரிப்பு. குளத்தை மட்டும் முழுதும் காலி செய்ய மாட்டார்கள். காலியான குளத்தை அடியிலுள்ள நிலத்தடி நீர் மேலே தூக்கி விரிசல் விட வைத்துவிடும். அந்த ஓரத்து வாயில் பாதி நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் செருகி வைப்பார்கள். கட்டி விரிந்தால் பாட்டில் நசுங்கும், சுவர் பிழைக்கும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றே. தண்ணீரை வடித்துவிடு, வடிக்க முடியாவிட்டால் ஓட விடு, அதுவும் முடியாவிட்டால் விரிய இடம் கொடு.

வீட்டில் இருக்கும்போது

1. வெளிச்சுவர்க் குழாய்களுக்கு நுரை ரப்பர் உறை போடுங்கள். கிடைக்காவிட்டால் சாக்கும் பழைய கம்பளியும் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். சாக்கு நனைந்தால் பயனில்லை. உறை வெப்பத்தைத் தராது, இருப்பதைக் காக்கும், அவ்வளவே.

2. கடுங்குளிர் இரவில், தொட்டியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் திருகை நூல் போல ஒழுக விடுங்கள். அழுத்தம் ஏற இடமிராது. கீழே வாளி வைத்துவிட்டால் தண்ணீரும் வீணாகாது.

3. குளியலறை வென்டிலேட்டர் வழியே குழாய்மேல் நேராகக் காற்றடிக்காமல் பாருங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு குழாய்க்கும் போகட்டும்.

வெளியூர் போகும்போது

1. ஊர்த் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். தொட்டியைக் காலி செய்யுங்கள். "வந்ததும் தேவைப்படுமே" என்ற எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

2. எல்லாத் திருகுகளையும் திறந்து, திறந்தபடியே விடுங்கள். மேலேயுள்ளவை திறந்திருந்தால்தான் காற்று புகுந்து, கீழேயுள்ளதில் தண்ணீர் முழுதும் வடியும். மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் திருகு இல்லாவிட்டால் பிளம்பரிடம் சொல்லி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. கழிவறைத் தொட்டி, ஷவர், துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய், குடிநீர் வடிகட்டி இவற்றை மறக்காதீர்கள். கீசரை அணைத்து வடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் கீசரில் தண்ணீர் நிரம்பிய பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

4. கழிவறைக் கோப்பையிலும் தரைக் குழிகளிலும் நிற்கும் நீரை வடிக்க முடியாது. லிட்டருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து ஊற்றினால் மைனஸ் 6 டிகிரியை ஒட்டி வரும்வரை உறையாது. பீங்கான், பிளாஸ்டிக் குழிகளுக்கு மட்டும். இரும்பை உப்பு அரித்துவிடும்.

5. ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

உறைந்துவிட்டால்

முதலில் திருகைத் திறந்துவிடுங்கள். பிறகு திருகுப் பக்கமிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கி வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் உருகும் நீர் இருபுறமும் அடைபட்டு மீண்டும் நெருக்கும். கொதிநீரை அப்படியே ஊற்றுவதும், நெருப்புக் காட்டுவதும் வேண்டாம். கீசருக்கு வரும் குழாய் உறைந்திருந்தால் கீசரைப் போடவே கூடாது.

குழாய் உறையாமலிருக்க என்று மூடிய குளியலறையில் கரி அங்கீட்டி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். குழாய் போனால் வேறு வாங்கலாம்.

சூரிய வெந்நீர்க் கருவி

தட்டை வடிவக் கருவிகளில் மெல்லிய தாமிரக் குழாய்களில் தண்ணீர் ஓடும். மேகமில்லாத இரவில் அந்தத் தட்டு தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஆகவே காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே உறைந்து வெடிக்கலாம். மலையூரில் வாங்குபவர்கள் வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையையோ, உறையாத திரவம் ஓடும் வகையையோ கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் தொட்டிக்குப் போய்வரும் குழாய்களுக்கு உறை அவசியம்.

ஊருக்கு ஊர் குளிர் வேறு

சிம்லாவில் சமாளித்த உறை லேயில் போதாது. அங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டி இறங்குவது சாதாரணம். குழாயை ஆழப் புதைப்பதும் வடித்து வைப்பதுமே வழி. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் "சில்லை கலான்" என்பார்கள். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி பதிவாகி, தால் ஏரியே உறைந்தது. போகிற ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நவம்பரில் என்ன செய்கிறார் என்று பாருங்கள், அதையே செய்யுங்கள்.

அடுத்த ஆண்டும் நாங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். மேலே சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். ஒவ்வொன்றாகச் செய்து முடித்துச் சாவியை மாதாஜியிடம் கொடுத்தேன். அவர் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "வால்வைக் காட்டு" என்று முன்னால் நடந்தார். அந்த வருடம் ஒன்றும் வெடிக்கவில்லை.

நீங்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். தீபாவளி முடிந்த கையோடு செய்துவிட்டால் நல்லது.